பக்கத்துக் கட்டில்காரி

குருபரப்பள்ளியில் மாந்தோப்பை ஒட்டியிருந்த எல்லப்பன் வீட்டில், அவன் மனைவி நாராயணம்மா இருமத் தொடங்கியபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொள்ளு அடிக்கிற காலம். தூசி தொண்டையில் போயிருக்கும் என்றார்கள். கொள்ளெல்லாம் அடித்து மூட்டை கட்டியாயிற்று, இருமல் மட்டும் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு சுட்டது. கட்டிய சேலை இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒருநாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் இருமித் துப்பினாள். துப்பியதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கல்லின்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மறுபடியும் துவைக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் குடம் விளக்கிக்கொண்டிருந்த சென்னம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று, எல்லப்பன் பெண்டாட்டிக்கு எலும்புருக்கி என்று.

அதற்கப்புறம் அவள் கிணற்றடிக்கு வந்தால் மற்றவர்களுடைய குடங்கள் தள்ளிப்போயின. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் குடிக்கிற சொம்பு மட்டும் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. பெண் குழந்தையைச் சூளகிரியில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லப்பனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் அவளுக்குத் தாய்மாமன் முறை; சின்ன வயதிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்தவன். நாட்டுமருந்து கொடுத்துப் பார்த்தான், மந்திரித்துப் பார்த்தான். கடைசியில் கிருஷ்ணகிரி டாக்டர் சொன்ன பேச்சைக் கேட்டு பெங்களூர் பஸ்ஸில் அவளை ஏற்றிக்கொண்டு போனான். அந்த ஊருக்கு வெளியே, க்ஷயக்காரர்களுக்கென்றே மரங்களுக்கு நடுவில் கட்டியிருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தான். 1954ஆம் வருஷம், மழைக்கு முந்தி.

அங்கே ஊசி போட்டார்கள். வாயில் வைத்தால் குமட்டுகிற தூளைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். பெரிய கூடத்தில் இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாஷையில் இருமினார்கள். அந்தக் கூடத்தில் யாருக்கும் யாரும் சொல்லித்தராமலேயே தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. காலையில் எழுந்து பார்க்கும்போது ஒரு கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வெயிலில் போட்டிருந்தால், அந்தக் கட்டில்காரி இல்லை என்று அர்த்தம்.

நாராயணம்மாவின் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருநாள் புதிதாக ஒருத்தி வந்தாள். பெயர் கமலாட்சி என்றாள். நீளமான விரல்கள், பெரிய கண்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைச் சேலையை மற்றவர்களைப் போலத்தான் கட்டியிருந்தாள், ஆனால் அவள்மேல் அது என்னவோ புதுச்சேலை மாதிரி நின்றது. தமிழ் நன்றாகப் பேசினாள். ஊரைக் கேட்டால் மட்டும் "எல்லா ஊரும்தான்" என்று சிரித்தாள்.

"ஊட்டுக்காரரு வருவாரா?" என்று நாராயணம்மா கேட்டாள்.

"யாரும் வரமாட்டாங்க."

ஐயோ பாவம், யாருமற்றவள் போலிருக்கிறது என்று நாராயணம்மா அவளைத் தன்னவளாக எடுத்துக்கொண்டாள். கமலாட்சிக்குச் சரியாக இருமக்கூடத் தெரியவில்லை. தொண்டையிலிருந்து சத்தமாக இருமினாள். இப்போதுதான் ஆரம்பம் போல, பிழைத்துக்கொள்வாள் என்று நாராயணம்மா நினைத்தாள்.

"அப்பிடி கத்தி இருமாத, கண்ணு. நெஞ்சு கிழிஞ்சுபூடும். இருமல் வர்றதுக்கு முந்தியே தெரியுமில்ல? அப்ப மூச்ச அடக்கிக்க. வலிக்கிற பக்கம் தலகாணிய வெச்சு அழுத்திக்க. இப்பிடி. அப்பறம் சன்னமா வுடு."

கமலாட்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையணையை எடுத்து அதேபோல் அழுத்திக்கொண்டு இருமினாள். இரண்டாம் முறையே நன்றாக வந்தது.

"எங்க வலிக்குது?" என்று கேட்பாள் கமலாட்சி. "வலிக்கும்போது கால் ஏன் மடக்கிக்கிற? துப்பின துணியப் பார்த்துட்டு உடனே ஏன் மடிச்சிடற?" இப்படியெல்லாம் யாரும் அவளைக் கேட்டதில்லை. டாக்டர்கூட நாக்கை நீட்டு, மூச்சை இழு என்பதோடு சரி. கேட்க ஆள் கிடைத்ததும் நாராயணம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். கிணற்றடிக் குடங்களைப் பற்றிச் சொன்னாள். தாய்வீட்டிலிருந்து வந்த தகவலில் குழந்தை தன்னைக் கேட்டு அழவில்லை என்று தெரிந்தபோது, சந்தோஷப்படாமல் குழந்தைமேல் கோபப்பட்டதைச் சொன்னாள்.

எல்லப்பன் வருகிற நாளில் அவள் குங்குமத்தை ஈரவிரலால் தொட்டு இரண்டு கன்னத்திலும் தேய்த்துக்கொள்வாள். கமலாட்சி அதைப் பார்த்துவிட்டாள்.

"இது எதுக்கு?"

"மொகத்துல ரத்தம் ஊறுதுன்னு நெனச்சுக்கட்டும். இல்லாட்டி ஊருக்குப் போயி அழுதுகினே ஒக்காந்துக்கும். ராகி வெதைக்க வேணாமா?"

எல்லப்பன் வந்து அந்தக் கன்னத்தைப் பார்த்தான். "மொகம் தெளிஞ்சிருச்சு, புள்ள" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். தோப்பில் பழுத்த மாம்பழங்களைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறினான். அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. தேறிவிட்டாளே, விதைப்பு முடியட்டும் என்றிருந்துவிட்டான். நாராயணம்மா பார்வையாளர் வருகிற நாளெல்லாம் கன்னத்தில் பூசிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உடம்பு மோசமா இருக்கு, வான்னு சொல்லியனுப்பக் கூடாதா?" என்றாள் கமலாட்சி.

"அதெப்பிடி? பூசினது நானாச்சே."

எல்லப்பன் மாம்பழம் கொடுத்துவிட்டுப் போன அன்றைக்கே, அதில் ஒன்றைத் தான் பாதி கடித்துவிட்டு மீதியைக் கமலாட்சியிடம் நீட்டியிருந்தாள். கமலாட்சி ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் கொட்டை வரைக்கும் சப்பித் தின்றாள்.

சில நாள் கழித்து, எதிர்வரிசையில் இருந்த தங்கவயல் பெண் மத்தியானத்தில் இறந்துபோனாள். கல்யாணமாகிப் புருஷன்வீடு போகாத பெண். கமலாட்சியைக் காணோமே என்று நாராயணம்மா தேடிக்கொண்டு போனாள். துணி துவைக்கிற தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள் அவள். நாராயணம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். "நமக்கும் இப்பிடித்தான்னு நெனைக்காத. நீ பொழச்சுக்குவ. ஒன் இருமலே சொல்லுது" என்றாள்.

மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டிலின் மெத்தை வெயிலில் கிடந்தது.

நாராயணம்மா எழுந்து ஆயா கெம்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கெம்பம்மாவுக்குத் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஹோகிபிட்டளம்மா" என்றாள். போய்விட்டாள் அம்மா என்று அதற்கு அர்த்தம். ஊருக்குப் போனாலும் அதே சொல்தான், உயிர் போனாலும் அதே சொல்தான். மெத்தையைப் பார்த்த நாராயணம்மாவுக்கு இரண்டாவது அர்த்தம்தான் தெரிந்தது. நேற்று தான் தடவிக்கொடுத்த முதுகு. பிழைத்துக்கொள்வாய் என்று நாக்கூசாமல் சொன்னோமே என்று அன்றைக்கெல்லாம் சாப்பிடாமல் கிடந்தாள்.

அவள் உடம்பு தேறியது. எப்படித் தேறியது என்று அவளுக்கே தெரியாது. அந்த ஊசியோ, அந்தத் தூளோ, குலதெய்வமோ. மறுவருஷம் வீட்டுக்கு வந்தாள். உடம்பில் சதை பிடித்தது. குழந்தை கொஞ்சநாள் ஒட்டாமல் இருந்து பிறகு ஒட்டிக்கொண்டது. கிணற்றடியில் மட்டும் இன்னும் குடங்கள் தள்ளியேதான் இருந்தன. மாளய அமாவாசைக்கு எல்லப்பன் தன் முன்னோருக்குப் படைத்தபோது, நாராயணம்மா இன்னொரு இலையைத் தனியாகப் போட்டாள்.

"இது யாருக்கு?"

"எனக்குப் பக்கத்துக் கட்டில்ல இருந்தவளுக்கு. அவளுக்கு யாருமில்ல, மாமா."

எல்லப்பன் அந்த இலைக்கும் கற்பூரம் காட்டினான்.

அடுத்த வருஷம் கிருஷ்ணகிரிக் கொட்டகைக்கு ஒரு படம் வந்தது. எல்லப்பனின் தங்கை ராஜாத்திக்குப் படம் என்றால் உயிர். பார்க்கிறவர்கள் எல்லாரும் அழுதுகொண்டே வெளியே வருகிறார்களாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து, நச்சரித்து நச்சரித்துச் சந்தை நாளன்று அண்ணனையும் அண்ணியையும் பகலாட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆண்கள் பக்கத்தில் எல்லப்பன் உட்கார்ந்தான். பெண்கள் பக்கத்தில் நாராயணம்மாவும் ராஜாத்தியும் உட்கார்ந்தார்கள். நாராயணம்மா அதற்குமுன் பார்த்ததெல்லாம் ராஜா ராணி, சாமி படங்கள்தான்.

படம் தொடங்கிக் கொஞ்சநேரத்தில், திரையில் ஒரு பெண் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். நாராயணம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"அய்யோ, கமலாட்சி!"

பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். ராஜாத்தி சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "இன்னா அண்ணி?"

"அவதான். செத்துப்போனாளே, அவ. நான் எலை போட்டேனே."

ராஜாத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாராயணம்மாவுக்கும்தான். செத்தவளை எப்படிப் படம் பிடித்தார்கள்? சாவதற்கு முந்திப் பிடித்திருப்பார்களோ? அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்தி இவள் இந்த வீட்டில்தான் இருந்தாளா? இந்த ஆளா இவள் புருஷன்? யாரும் வரமாட்டார்கள் என்றாளே, இத்தனை பேர் இருக்கிறார்களே! அவள் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் இருந்தவளுக்கு இருமல் வந்தது.

முதலில் மூச்சை அடக்கினாள். கண் ஒரு பக்கமாகப் போயிற்று. கை தலையணையைத் தேடியெடுத்து விலாவில் அழுத்தியது. கால் மடங்கியது. பிறகு சன்னமாக விட்டாள். துணியைப் பார்த்தாள், பார்த்த வேகத்தில் மடித்தாள், மடித்த கையோடு எதிரிலிருந்த மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். நாராயணம்மா தன் விலாவில் கைவைத்துப் பார்த்துக்கொண்டாள். எப்போதோ ஆறிப்போன இடத்தில் சுருக்கென்றது. அது கமலாட்சி இல்லை, நான்தான் என்று தோன்றியது. உடனே, நான் இங்கே அல்லவா உட்கார்ந்திருக்கிறேன் என்றும் தோன்றியது.

படத்தில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புருஷன் பார்க்க வருகிற நாள். கட்டிலில் உட்கார்ந்தபடி அவள் குங்குமத்தை ஈரவிரலால் தொட்டாள்.

"வேணாம்" என்று நாராயணம்மா முணுமுணுத்தாள்.

இரண்டு கன்னத்திலும் தேய்த்தாள். புருஷன் வந்தான், பார்த்தான், சிரித்தான், போனான். அவள் வாசலைப் பார்த்தாள். ஒரு வசனம்கூட இல்லை. கழுத்து மட்டும் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போயிற்று. பெண்கள் பக்கம் முழுக்கக் கேவல். ஆண்கள் பக்கத்தில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போனார்கள்.

கடைசியில் அவள் இறந்துபோனாள். நாராயணம்மா இரண்டாவது தடவையாக அந்தச் சாவுக்கு அழுதாள். பக்கத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே, "இன்னா நடிப்பு, தாயே! இன்னா நடிப்பு!" என்றாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. ராஜாத்தி எதிர்ச்சுவரைக் காட்டினாள். அடுத்து வரப்போகிற படத்தின் விளம்பரத் தாளில், தலைநிறையப் பூவும் கையில் குடமுமாகக் கமலாட்சி இடுப்பை ஒடித்து நின்றுகொண்டிருந்தாள்.

"பாரு அண்ணி. உசுரோடதான் இருக்குது. வேற பேரு. அது நடிக்கிறவங்க."

"அப்ப ஆஸ்பத்திரியில படுத்திருந்தது?"

"அதுவும் நடிப்பாத்தான் இருக்கும்."

நாராயணம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரவேண்டும் போலிருந்தது, வரவில்லை. உயிரோடு இருக்கிறாளே என்று சந்தோஷம் வந்தது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

எல்லப்பன் கொட்டகைக்கு வெளியே புளியமரத்தடியில் தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படத்தின் நடுவில் எழுந்துபோனது அவன்தான். மூன்று பேரும் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். ராஜாத்தி வளையல் பார்க்க ஒரு கடையில் ஒதுங்கியபோது அவன் கேட்டான்.

"நீயும் பூசிக்கினயா, புள்ள?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொகம் தெளிஞ்சிருச்சுன்னு நான் ஊரெல்லாம் சொன்னேனே."

"நீ சந்தோசமா இருக்கணும்னுதான், மாமா."

"நான் வராதப்பவும் பூசிக்கினயா?"

அவள் சந்தைப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். இரண்டு வருஷமாக அவனிடம் சொல்ல முடியாதிருந்ததை யாரோ ஒருத்தி கொட்டகை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அது திருட்டா, உதவியா என்று நாராயணம்மாவுக்குப் புரியவில்லை. எல்லப்பன் அவள் கையிலிருந்த சந்தைப் பையை வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் ஆண்கள் பக்கம் போகாமல் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தான்.

ராஜாத்தி சும்மா இருப்பாளா? ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கிருஷ்ணகிரிக்குப் போய் படம் பார்த்துவிட்டு வந்தார்கள். சென்னம்மாள் ஒருநாள் கிணற்றடியில் நாராயணம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள வாசலப் பார்த்துகினே ஒக்காந்திருந்தாளே, வயிறு எரிஞ்சுபோச்சு, அம்மே" என்று அழுதாள். முதலில் குடத்தை நகர்த்தியவள் அவள்தான். இப்போது தன் குடத்தோடு நாராயணம்மாவின் குடமும் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். இவள் யாருக்காக அழுகிறாள் என்று நாராயணம்மாவுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் எக்ஸ்ரே எடுக்க பெங்களூர் போனபோது ஆயா கெம்பம்மாவைத் தேடிப் பிடித்தாள்.

"நிஜத்தச் சொல்லு கெம்பம்மா, கமலாட்சி யாரு?"

கெம்பம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "பெரிய டாக்டருக்கு சொந்தக்காரப் பொண்ணு. நாடகத்துல இருந்தவ. சினிமாவுல இந்த வேஷம் கெடச்சுதாம், கூட இருந்து பார்க்கணும்னு கேட்டுகிட்டாளாம். அதப்பத்தி யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு."

"நான் கடிச்ச மாம்பழத்தத் தின்னாளே! வியாதி இல்லாதவ தின்னாளே!"

"தின்னா. நான் பார்த்தேன். தடுக்கலாம்னு வந்தேன், அதுக்குள்ள முடிச்சுட்டா."

"அந்தத் தங்கவயல் பொண்ணு செத்தப்ப அழுதாளே? அது நடிப்பா?"

கெம்பம்மா உதட்டைப் பிதுக்கினாள். "அழுதத நானும் பார்த்தேன். நடிப்பான்னு நான் என்னா கண்டேன்? தொட்டிக்குப் பின்னால யாரு பார்க்கப்போறாங்கன்னு அங்க போயி நடிக்கணும்? ஆனா சினிமாவுலயும் அதே மாதிரிதான் அழறா, பார்த்தியா? முந்தானைய வாயில வெச்சுகிட்டு." பிறகு ஏதோ நினைவு வந்தவளாகச் சொன்னாள். "அய்யோ, சொல்ல மறந்தேன். சினிமா முடிஞ்சப்பறம் ஒருதரம் கார்ல வந்தா. ஒன் கட்டிலுக்கு நேரா போனா. அதுல வேற பொம்பள படுத்திருந்தா. நீ எங்கேன்னு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

"ஹோகிபிட்டளுன்னேன். ஊருக்குப் போயிட்டன்னுதான் சொன்னேன். அவ மொகம் சுண்ணாம்பு மாதிரி ஆச்சு. அந்தக் கட்டில் கம்பியப் பிடிச்சுகிட்டு நின்னா. அப்பறம் ஒண்ணும் பேசாம கார்ல ஏறிட்டா."

நாராயணம்மா அப்படியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியென்றால் அவள் கணக்கில் நான் செத்துப்போனவள். படத்தில் அவள் செத்தாளே, அது என் சாவா? அதை நினைத்துத்தான் அப்படி நடித்தாளா? இல்லை, நடித்த பிறகுதான் வந்தாள் என்கிறாளே இவள். உயிரோடு இருக்கிறேன் என்று எப்படித் தெரிவிப்பது? பெரிய டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். நடிகை இருக்கிற இடம் கெம்பம்மாவுக்கா தெரியும்?

ஊருக்கு வந்து எல்லப்பனிடம் சொன்னாள். "ஏமாத்திட்டுப் போயிருக்கிறா. அவளுக்குப் போயி எலை போட்டயே" என்றான் அவன். சற்றுநேரம் கழித்து அவனே, "அவ பூசிக் காட்டாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றான். அடுத்த மாளயத்தில் அவள் அந்த இலையைப் போடவில்லை. போடாமல் இருந்ததும் என்னவோ குறையாகத்தான் இருந்தது.

அந்த நடிகையின் வேறு படங்கள் வந்தபோது ராஜாத்தி கூப்பிட்டாள். நாராயணம்மா ஒரே ஒரு படத்துக்குப் போனாள். அதில் கமலாட்சி ராணி வேஷத்தில் வாள் சுழற்றினாள். ஜனங்கள் கைதட்டினார்கள். நாராயணம்மாவுக்கு அவள் யாரென்றே தெரியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

இதற்கெல்லாம் பிறகு ஒரு காலையில், அவர்கள் நிலத்தில் களையெடுக்கிற செல்லி, நாராயணம்மாவின் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றாள். வாயைச் சேலையால் பொத்தியிருந்தாள். நாராயணம்மா எதையும் கேட்பதற்கு முன் செல்லியே சொன்னாள்.

"ராஜாத்தியம்மா கத சொல்லுச்சுங்க. அந்தப் படத்துல வர்றாப்பலயே எனக்கும் வருதுங்கம்மா. தலகாணி வெச்சு அழுத்தினா கொஞ்சம் தேவலயா இருக்குது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."

நாராயணம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எல்லப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து பெங்களூர் பஸ்ஸை நிறுத்தி ஏறினாள். செல்லி கீழே உட்காரப் போனாள். நாராயணம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். பஸ்ஸில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

சூளகிரி தாண்டியதும் செல்லிக்கு இருமல் வந்தது. அடங்கிய பிறகு மெல்லக் கேட்டாள்.

"படத்துல அந்தம்மா செத்துப்போச்சுன்னாங்களே."

"அதெல்லாம் சாகல. நல்லா இருக்கிறா. நானும் அவளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்லதான் இருந்தோம்."

"நெசமாவா? அந்தம்மாவும் இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துச்சா? எழுந்து நடந்து போச்சா?"

"நடந்துதான் போனா. நான் பார்க்கல, ஆனா நடந்துதான் போனா."

சொல்லிவிட்டு நாராயணம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்தான். ஆனாலும் பெரிய பொய் ஒன்றைச் சொல்லிவிட்டாற்போல இருந்தது. செல்லியின் முகத்திலோ, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது. காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"அங்க களி போடுவாங்களா, சோறாங்கம்மா?"

"சோறு. கூட ஒரு முட்டையும் குடுப்பாங்க. மொதல்ல குமட்டும். வாய மூடிகினு தின்னுடணும்."